மக்கள் வரியில் எழுந்த இருப்புப்பாதை

நுழையும்முன்

நெடுந்தொலைவு ஓடும் விரைவுத் தொடர்வண்டிகளைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகிறோம். சிற்றூர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பெருவழியில் கொண்டு சேர்க்கும் கிளைப்பாதைகளைப் பற்றிப் பேசுவது குறைவு. ஒரு கிளைப்பாதையை அமைக்கப் பணம் கொடுத்தவர் யார்? அது எவ்வாறு இயங்குகிறது? அது நின்றுபோனால் இழப்பு யாருக்கு? புதுக்கோட்டை மாவட்டத்து இருப்புப்பாதைகளைக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

கல்லில் பதிந்த கணக்கு

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது குடுமியான்மலை. இங்குள்ள குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் செதுக்கப்பட்ட இசைக் கல்வெட்டு, இந்திய இசை வரலாற்றின் தொன்மையான சான்றுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இவ்வூர்க் கோவிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. நிலம் கொடுத்தவர் யார், விளக்கெரிக்கப் பொருள் வைத்தவர் யார், அந்தக் கொடை எவ்வாறு பயன்பட வேண்டும் என்பன போன்ற செய்திகளை இத்தகைய கல்வெட்டுகள் நமக்குச் சொல்கின்றன. பொதுப்பயனுக்காகச் செலவிடப்பட்ட பொருளுக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்டிருந்த நெறியாகும்.

குடுமியான்மலையில் தொடர்வண்டி நிலையம் இல்லை. இவ்வூர் மாணவர் தொடர்வண்டியில் செல்ல விரும்பினால் பேருந்தேறிப் புதுக்கோட்டைக்கு வரவேண்டும். அந்த நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கும்போது, இந்தப் பாதையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அரசு கொடுத்தது என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆயினும் இம்மாவட்டத்தின் முதல் இருப்புப்பாதையின் கணக்கைப் பார்த்தால், அதில் உழவு நிலங்கள் செலுத்திய காலணாக்கள் இருப்பதைக் காணலாம்.

வரத்துக்காலும் கண்மாயும்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடியது. 1861இல் நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இணைத்த பாதை, அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியும் இருப்புப்பாதையால் இணைக்கப்பட்டது. பெருநகரங்களையும் துறைமுகங்களையும் இணைத்த இத்தகைய வழிகள் முதன்மைப்பாதைகள் எனப்பட்டன. அவற்றிலிருந்து பிரிந்து சிறு நகரங்களுக்கும் சந்தை ஊர்களுக்கும் சென்றவை கிளைப்பாதைகளாகும்.

புதுக்கோட்டைப் பகுதியில் வாழ்வோர்க்கு இவ்விரண்டின் உறவை விளக்குவது எளிது. இது கண்மாய்ப் பாசனம் நிறைந்த மண். கண்மாய் எவ்வளவு பெரிதாயினும், அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்துபோனால் அது நிறையாது. வரத்துக்காலில் ஓடும் நீரைத் தனியே அளந்து பார்ப்பவருக்கு அது சிறிதாகவே தோன்றும். கண்மாய் நிறைவது அந்தச் சிறு ஓட்டங்களால்தான். கிளைப்பாதை முதன்மைப்பாதைக்கு வரத்துக்கால் போன்றது.

முதன்மைப்பாதைகளை அமைத்த நிறுவனங்கள் இலாபம் உறுதியாகக் கிடைக்கும் வழிகளையே முதலில் நாடின. அன்றைய ஆங்கிலேய அரசு, இந்நிறுவனங்களின் முதலீட்டுக்குக் குறிப்பிட்ட அளவு வட்டியை உறுதிசெய்து ஊக்கம் அளித்தது. சிற்றூர்களுக்குச் செல்லும் கிளைப்பாதைகளுக்கு அத்தகைய ஊக்கம் எளிதில் கிட்டவில்லை. அப்படியானால் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மூன்று தம்பிடி

1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிக் கழகச் சட்டம், ஊரகப் பகுதிகளின் சாலை, பள்ளி, மருத்துவமனை முதலியவற்றைப் பேணும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் அளித்தது. ஜில்லா போர்டு என மக்கள் வழங்கிய மாவட்டக் கழகம் இவற்றுள் தலைமையானது. தஞ்சாவூர் மாவட்டக் கழகம் சாலைகளோடு நின்றுவிடவில்லை. தனக்கென ஓர் இருப்புப்பாதை அமைக்கவும் துணிந்தது. இதற்காக நிலத்தின் ஆண்டுக் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் தனியே இருப்புப்பாதை வரி தண்டப்பட்டது.

அக்கால நாணய முறையில் பன்னிரண்டு தம்பிடி ஓர் அணா. பதினாறு அணா ஒரு ரூபாய். எனவே, மூன்று தம்பிடி என்பது காலணா. ஒரு ரூபாயில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நிலத்தின் ஆண்டுக் குத்தகை மதிப்பு 100 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டிருந்தால், அதற்குரிய வரி 300 தம்பிடி, அதாவது ஒரு ரூபாய் ஒன்பது அணா ஆகும். தனித்தனியே பார்த்தால் சிறு தொகைதான். காவிரிப் படுகையின் பரந்த வயல்வெளிகளிலிருந்து ஆண்டுதோறும் திரண்டபோது, அது தண்டவாளமாகவும் பாலமாகவும் மாறும் அளவுக்கு வளர்ந்தது.

இவ்வாறு எழுந்த பாதையின் முதற்பகுதி, இன்று மயிலாடுதுறை எனப்படும் மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை சென்றது. ஏறத்தாழ 54 மைல் நீளமுடைய இப்பகுதி 1894ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பாதையின் உரிமை மாவட்டக் கழகத்தினுடையது. அதில் வண்டிகளை ஓட்டும் பணியைத் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வருவாய் இரு தரப்புக்கும் பகிரப்பட்டது. சாலை போடுவது போலவே இருப்புப்பாதை இடுவதும் உள்ளாட்சியின் கடமையாகலாம் என்பதற்கு இது முன்னோடிச் சான்றாகும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி செலுத்தியவர் பலர், முடிவெடுத்தவர் சிலர். அன்றைய மாவட்டக் கழகத்தில் எளிய உழவருக்கும் வேளாண் தொழிலாளருக்கும் பெண்களுக்கும் வாக்கில்லை. பாதை எந்த ஊர் வழியாகச் செல்ல வேண்டும், நிலையம் எங்கு அமைய வேண்டும் என்பவற்றில் அவர்களின் கருத்து கேட்கப்படவும் இல்லை. எனினும் வயலில் விளைந்த நெல்லிலிருந்தே அந்த வரி வந்தது. ஆகவே, ஏட்டில் இப்பாதை மாவட்டக் கழகத்தின் உடைமையாக இருப்பினும், அதன் முதல் பங்குதாரர்கள் அப்பகுதி மக்களே எனலாம்.

அறந்தாங்கி வரை

முத்துப்பேட்டையோடு பணி நிற்கவில்லை. 1902இல் பாதை அதிராம்பட்டினம் வழியாகப் பட்டுக்கோட்டையை அடைந்தது. 1903ஆம் ஆண்டின் இறுதியில் பேராவூரணி வழியாக அறந்தாங்கிக்கு நீட்டிக்கப்பட்டது. அப்போது அறந்தாங்கி தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்மேற்கு எல்லையில் இருந்தது. 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அது புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. தஞ்சாவூர் மக்கள் வரியில் எழுந்த பாதை புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருப்பதன் காரணம் இதுவே.

இப்பாதையிலிருந்து வேறு கிளைகளும் தோன்றின. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்கு 1919இல் ஒரு பாதை அமைந்தது. உப்பளங்கள் நிறைந்த அகத்தியம்பள்ளிப் பகுதியின் உப்பு வெளியூர்களுக்குச் செல்ல இது வழிவகுத்தது. 1930ஆம் ஆண்டு இராசாசி தலைமையில் நடைபெற்ற உப்பு அறப்போர் நிகழ்ந்த மண்ணும் இதுவேயாகும். காவிரிப் படுகையின் நெல்லும் அரிசியும், கடலோரத்தின் மீனும் உப்பும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தேங்காயும் தொலைவிலுள்ள சந்தைகளை அடைய இத்தகைய பாதைகள் துணைநின்றன. மாட்டுவண்டியில் பல நாள் ஆகும் பயணம் ஓர் இரவுப் பயணமாகச் சுருங்கியது.

விடுதலைக்குப் பின், 1952இல், அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையிலான பகுதி திறக்கப்பட்டது. அதுவரை அறந்தாங்கி பாதையின் முடிவிடமாக இருந்தது. அன்றுமுதல் வழியிடமாக மாறியது. ஒரு முனையில் மட்டும் திறந்திருந்த பாதை இரு முனைகளிலும் திறந்தது. இதனால் காவிரிப் படுகையும் செட்டிநாடும் நேரடியாக இணைந்தன.

புதுக்கோட்டைக்கு வந்த தொடர்வண்டி

மாவட்டத்தின் தலைநகரான புதுக்கோட்டைக்குத் தொடர்வண்டி வந்த வரலாறு வேறானது. அறந்தாங்கியில் தொடர்வண்டி ஓடத் தொடங்கிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே அது புதுக்கோட்டையை எட்டியது. அப்போது புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த தனி அரசு. திருச்சிராப்பள்ளியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வரையிலான பாதை 1929இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது திருமயம், காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரையை அடைந்தது. இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 150 கி.மீ. ஆகும்.

மானாமதுரை, மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் உள்ளது. அவ்வழியில் மண்டபம் வரையிலான பாதை 1902இலும், கடலைக் கடக்கும் பாம்பன் பாலம் 1914இலும் திறக்கப்பட்டிருந்தன. சென்னையிலிருந்து தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாரை அடையும் பயணியர்க்காகப் போட் மெயில் என்னும் புகழ்பெற்ற வண்டி ஓடியது. முன்பு அது மதுரையைச் சுற்றிச் சென்றது. திருச்சிராப்பள்ளி – மானாமதுரைப் பாதை, அந்தப் பயணத்துக்குக் குறுக்குவழியாக அமைந்தது. இலங்கைக்குச் சென்ற வணிகரும் தொழிலாளரும் புதுக்கோட்டை நிலையத்தைக் கடந்தே சென்றனர். 1964ஆம் ஆண்டு திசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அத்துடன் அந்தத் துறைமுகப் பயணமும் முடிவுக்கு வந்தது.

ஒரே மாவட்டத்தில் உள்ள இவ்விரு பாதைகளும் இருவேறு தேவைகளால் பிறந்தவை. ஒன்று, ஊர்கள் தமக்காகத் தம் வரியில் அமைத்துக்கொண்டது. மற்றொன்று, தொலைவிலுள்ள இரு முனைகளை இணைக்கும்போது இடையிலிருந்த ஊர்களுக்கும் பயனளித்தது. இரண்டும் காரைக்குடியில் சந்திக்கின்றன.

தெரிந்து தெளிவோம்

தண்டவாளங்களின் உட்புற விளிம்புகளுக்கு இடைப்பட்ட அகலமே பாதையின் அளவு எனப்படும். இந்திய அகலப்பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். மீட்டர்பாதையின் அளவு 1000 மில்லிமீட்டர். மேயோ பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1870ஆம் ஆண்டையொட்டி, குறைந்த செலவில் அமைக்கத்தக்க மீட்டர்பாதை இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாகப்பட்டினம் – திருச்சிராப்பள்ளிப் பாதை முதலில் அகலப்பாதையாக அமைந்து, பின் மீட்டர்பாதையாக மாற்றப்பட்டு, அண்மைக் காலத்தில் மீண்டும் அகலப்பாதையாகியுள்ளது.

ஒற்றைப்பாதையில் வண்டிகள் ஓடும் முறை

கிளைப்பாதைகள் பெரும்பாலும் ஒற்றைப்பாதைகளாகும். எதிரெதிர்த் திசைகளில் வரும் வண்டிகள் ஒரே தண்டவாளத்தைப் பயன்படுத்துகின்றன. அவை மோதிக்கொள்ளாமல் காப்பது எவ்வாறு? இதற்கு இருப்புப்பாதைத் துறை கண்ட விடை எளிமையானது, ஆயினும் நுட்பமானது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு பிரிவு எனக் கொள்ளப்படும். ஒரு நேரத்தில் ஒரு பிரிவில் ஒரு வண்டி மட்டுமே இருக்க வேண்டும். இதுவே அடிப்படை விதி.

இந்த விதியைக் காக்க நெடுங்காலம் பயன்பட்டது டோக்கன் முறையாகும். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட ஒரு கருவி இருக்கும். அதனுள் எஃகு உருண்டைகள் இருக்கும். ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமாயின், அந்நிலைய அலுவலர் அடுத்த நிலைய அலுவலரிடம் மணியொலி வாயிலாக இசைவு கேட்பார். பாதை காலியாக இருந்தால் அவர் இசைவளிப்பார். அதன் பின்னரே முதல் நிலையத்தின் கருவியிலிருந்து ஓர் உருண்டையை வெளியே எடுக்க இயலும். ஓர் உருண்டை வெளியே வந்துவிட்டால், அதை இரு கருவிகளுள் ஒன்றில் மீண்டும் இடும்வரை, மற்றோர் உருண்டையை எந்த நிலையத்திலும் எடுக்க முடியாது. அந்த உருண்டையே வண்டி ஓட்டுநருக்குரிய உரிமைச்சீட்டு. அது கையில் இல்லாமல் அவர் பிரிவுக்குள் நுழையக் கூடாது.

நிற்காமல் செல்லும் வண்டிகளுக்கு உருண்டையைத் தோல்பையிலிட்டு, அதைப் பெரிய வளையம் ஒன்றில் பிணைத்துக் கொடுப்பர். ஓடும் வண்டியிலிருந்து கையை நீட்டிப் புதிய வளையத்தை வாங்கிக்கொள்வதும், பழைய வளையத்தை நடைமேடையில் எறிவதும் ஒரு கைத்திறனாகவே கருதப்பட்டன. இன்று இப்பணியை வண்ண விளக்குச் சைகைகளும், சக்கர அச்சுகளை எண்ணும் மின்னணுக் கருவிகளும் செய்கின்றன. பிரிவுக்குள் நுழைந்த அச்சுகளின் எண்ணிக்கையும் வெளியேறிய அச்சுகளின் எண்ணிக்கையும் ஒத்திருந்தால் மட்டுமே பாதை காலி எனக் கருவி காட்டும். கருவிகள் மாறினும் விதி மாறவில்லை.

எதிரெதிராக வரும் வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்கு நிலையங்களில் துணைப்பாதை இருக்கும். ஒரு வண்டி அதில் ஒதுங்கி நிற்க, மற்றது முதன்மைத் தடத்தில் செல்லும். ஆகவே, ஒரு வண்டி தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் எதிர் வண்டியும் தாமதமாகும். கிளைப்பாதைப் பயணியர் சிறு நிலையங்களில் காரணம் புரியாமல் காத்திருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

தெரியுமா?

தொடர்வண்டி நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் ஊர்ப்பெயருடன் கடல்மட்டத்திலிருந்து அவ்விடத்தின் உயரமும் மீட்டரில் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாதையின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கிட்டுப் பாதை அமைத்த பொறியாளர்களின் அளவீட்டை நினைவூட்டும் குறிப்பு இது.

நின்ற வண்டி, கடந்த ஆண்டுகள்

இந்திய இருப்புப்பாதைகளை ஒரே அளவுடையனவாக மாற்றும் பெருந்திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது. இரு அளவுகள் இருந்தமையால், அவை சந்திக்கும் நிலையங்களில் சரக்குகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. பயணியரும் வண்டி மாற வேண்டியிருந்தது. இந்தக் காலவிரயத்தையும் செலவையும் நீக்குவதே திட்டத்தின் நோக்கமாகும்.

திருச்சிராப்பள்ளி – புதுக்கோட்டை – மானாமதுரைப் பாதை முன்னரே அகலப்பாதையாக மாறியது. அறந்தாங்கிப் பாதையின் முறை பின்னர் வந்தது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 150 கி.மீ. நீளமுள்ள பகுதியில் 2012ஆம் ஆண்டு வண்டிகள் நிறுத்தப்பட்டன. பழைய தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. பாலங்கள் புதிதாகக் கட்டப்பட்டன. 2018இல் காரைக்குடி – பட்டுக்கோட்டைப் பகுதி திறக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருவாரூர் முதல் காரைக்குடி வரை மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது.

ஏழு ஆண்டுகள் என்பது ஏட்டில் சிறிய எண். வாழ்வில் அப்படியன்று. 2012இல் அறந்தாங்கியில் நான்காம் வகுப்பில் படித்த ஒரு மாணவர், முழுப் பாதையிலும் வண்டி ஓடத் தொடங்கியபோது பதினோராம் வகுப்புக்கு வந்திருப்பார். அதற்குள் வணிகர்கள் தம் சரக்கைச் சரக்குந்துகளுக்கு மாற்றிக்கொண்டனர். நாள்தோறும் வேலைக்குச் சென்றோர் பேருந்துக்குப் பழகினர். போக்குவரத்து என்பது வசதியை மட்டுமன்றிப் பழக்கத்தையும் சார்ந்தது. அறுந்த பழக்கத்தைத் தண்டவாளம் மட்டும் மீட்டுத் தந்துவிடாது.

கடவுப்பாதையும் காப்பாளரும்

புதிய பாதை திறந்த பின்னரும் ஓர் இடர்ப்பாடு காத்திருந்தது. சாலையும் இருப்புப்பாதையும் ஒரே தளத்தில் குறுக்கிடும் இடம் கடவுப்பாதை. மக்கள் வழக்கில் ரயில்வே கேட். ஊர்களும் வயல்களும் நெருங்கிய சமவெளியில் செல்வதால் இப்பாதையில் கடவுப்பாதைகள் மிகப் பல. ஆளில்லாக் கடவுப்பாதைகளில் நேர்ந்த விபத்துகளைத் தடுக்கும் பொருட்டு, நாடு முழுவதும் அகலப்பாதைகளில் அவற்றை நீக்கும் பணி 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிக்கப்பட்டிருந்தது. எனவே, ஒவ்வொரு கடவுப்பாதையிலும் காப்பாளர் இருக்க வேண்டும். ஆனால், வண்டி ஓடத் தொடங்கியபோது அத்தனை காப்பாளர்கள் பணியமர்த்தப்படவில்லை.

இதனால் ஒரு தற்காலிக ஏற்பாடு செய்யப்பட்டது. காப்பாளர்கள் வண்டியிலேயே உடன் சென்றனர். கடவுப்பாதைக்கு முன் வண்டி நிற்கும். காப்பாளர் ஒருவர் இறங்கிச் சென்று வாயிலை மூடுவார். வண்டி மெல்லக் கடந்து மீண்டும் நிற்கும். வாயிலைத் திறந்துவிட்டபின் காப்பாளர் வண்டியில் ஏறிக்கொள்வார். அடுத்த கடவுப்பாதையிலும் இதுவே நிகழும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டரை மணி நேரத்தில் கடக்கத்தக்க தொலைவுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று. சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. மட்டுமே. புதிய தண்டவாளமும் புதிய வண்டியும் இருந்தும், வாயிலை மூட ஆளில்லாமையால் பயணம் தவழ்ந்தது. பின்னர்க் காப்பாளர்கள் பணியில் அமர்த்தப்பட்டதும் பயண நேரம் பெரிதும் குறைந்தது.

இந்நிகழ்வு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. இருப்புப்பாதை என்பது இரும்பு மட்டுமன்று. நிலைய அலுவலர், பாதையைப் பராமரிக்கும் தொழிலாளர், கடவுப்பாதைக் காப்பாளர் எனப் பலருடைய கவனமும் சேர்ந்தே ஒரு வண்டி ஓடுகிறது. இவர்களுள் ஒருவர் இல்லையெனினும் கோடிக்கணக்கான ரூபாய் முதலீடு பயனற்று நிற்கும். கோடை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தண்டவாளத்தின் ஓரம் நடந்து ஒவ்வோர் இணைப்பையும் சோதிக்கும் தொழிலாளரை நாம் வண்டியின் சன்னல் வழியே ஒரு நொடி மட்டுமே காண்கிறோம்.

கிளைப்பாதையின் உண்மைக் கணக்கு

கிளைப்பாதைகளை மூடக் கோருவோர் வழக்கமாகக் கூறும் காரணம், அவை இழப்பில் ஓடுகின்றன என்பதாகும். இக்கூற்றை ஆராய்ந்து பார்க்க வேண்டும். பேராவூரணியிலிருந்து சென்னைக்குச் செல்லும் ஒரு பயணியை எண்ணிப் பாருங்கள். அவருடைய பயணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கிளைப்பாதையில் அமைகிறது. எஞ்சிய பங்கு திருவாரூருக்கு அப்பால் உள்ளது. கட்டணத்தைத் தொலைவுக்கேற்பப் பகுத்தால் பெரும்பகுதி முதன்மைப்பாதையின் வருவாயாகப் பதிவாகும். கிளைப்பாதை மூடப்பட்டால் அந்தப் பயணி வீட்டிலிருந்து நேரே பேருந்தில் சென்னைக்குச் சென்றுவிடுவார். அப்போது இழக்கப்படுவது நான்கில் ஒரு பங்கன்று, முழுப் பயணமுமாகும். வரத்துக்காலை அடைத்தவர் கண்மாய் வற்றியபோதுதான் அதன் அருமையை உணர்வார்.

பிற நாடுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. பிரிட்டனில் 1963ஆம் ஆண்டு பீச்சிங் என்பவர் அளித்த அறிக்கை, இழப்பைக் காரணம் காட்டி ஏறத்தாழ 5000 மைல் நீளப் பாதைகளையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. எதிர்பார்த்த அளவுக்குச் சேமிப்புக் கிட்டவில்லை. கிளைப்பாதையை இழந்த பயணியர் பலர் முதன்மைப்பாதைக்கும் திரும்பவில்லை. 1969இல் மூடப்பட்ட எடின்பரோவின் தெற்குப் பகுதிப் பாதை ஒன்றின் ஒரு பகுதி, 46 ஆண்டுகளுக்குப் பின் 2015இல் மீண்டும் அமைத்துத் திறக்கப்பட்டது. மூடுவதற்கு ஓர் ஆணை போதும். மீட்பதற்குத் தலைமுறைகள் தேவைப்படுகின்றன.

காவிரிப் படுகையிலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குச் சென்ற கிளைப்பாதை 1976இல் மூடப்பட்டது. மக்களின் நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின் 2011இல் அகலப்பாதையாக மீண்டது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சென்ற பாதை 1986இல் நிறுத்தப்பட்டது. அது இன்னும் மீளவில்லை.

அறந்தாங்கிப் பாதையின் கதை நம்பிக்கை தரும் திசையில் நகர்ந்துள்ளது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி இடையிலான 37 கி.மீ. பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. அதே நாளில் தாம்பரத்திலிருந்து திருவாரூர், காரைக்குடி வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் விரைவு வண்டியும் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு காலத்தில் அறந்தாங்கியோடு முடிந்துபோன சிறு பாதை, இன்று தலைநகரையும் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தையும் இணைக்கும் வழியின் ஒரு பகுதியாகியுள்ளது.

கணக்குக் கேட்கும் உரிமை

1944இல் தென்னிந்திய இருப்புப்பாதை அரசுடைமையாயிற்று. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தெற்கு இருப்புப்பாதை உருவானபோது அதன் பாதைகள் இந்திய மக்கள் அனைவருக்கும் உரியனவாயின. அதன் பின்னர் ரூபாய்க்கு மூன்று தம்பிடி என்ற தனிவரி இல்லை. ஆயினும் நாம் செலுத்தும் வரியும் பயணச்சீட்டின் கட்டணமும் அந்தப் பாதைகளைத் தாங்கி நிற்கின்றன. அன்று வரி செலுத்திய உழவருக்கு இல்லாத ஓர் உரிமை இன்று நமக்கு உண்டு. அது வாக்குரிமையும் அதன் வழியே வரும் கேட்கும் உரிமையுமாகும்.

வண்டி ஏன் நின்றது, பணி ஏன் தாமதமாயிற்று, காப்பாளர் ஏன் அமர்த்தப்படவில்லை என்று ஓர் ஊர் கேட்பது குறைகூறல் ஆகாது. கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பதாகும். கொடையையும் அதன் பயனையும் கல்லில் வெட்டி வைத்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இது புதிய பழக்கமன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் காணப்படும் செய்திகளைக் குறித்துவந்து வகுப்பில் பகிர்க.

2. தொடர்வண்டி வருவதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஊரின் விளைபொருள்கள் சந்தைக்குச் சென்ற முறைகளை ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

3. 'கிளைப்பாதையின் மதிப்பை அதன் வருவாயைக் கொண்டு மட்டும் அளக்கலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நடத்துக.